பள்ளத்துக்கு எத்தனை மார்க்

ஓசூரில் எனக்கு இருக்கிற பேர் படிப்பால் வந்ததில்லை. ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். கிருஷ்ணகிரியில் ஒரு லாரி ஷெட்டில் டிங்கர் வேலைக்குச் சேர்ந்தேன். தகரத்தில் விழுந்த ஒடுக்கைத் தட்டித் தட்டிச் சமமாக்குகிற வேலை. நாலு வருஷத்தில் என் உள்ளங்கை பேச ஆரம்பித்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கதவைத் தடவினால் நூல் அளவு பள்ளம் இருந்தாலும் சொல்லிவிடுவேன். பெரிய பெரிய டிப்ளமோக்காரர்கள் வந்து நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்.

அந்தக் கையை வைத்துத்தான் மத்திகிரி ரோட்டில் சொந்தப் பட்டறை போட்டேன். பைக்குகளுக்குப் பெட்ரோல் டேங்க். அடித்து, பாலிஷ் போட்டு, பெயிண்ட் அடித்துப் பெரிய கம்பெனி ஒன்றுக்கு அனுப்புவோம். நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். என் டேங்கை அந்தக் கம்பெனியில் யாரும் மறுபடி சோதிக்க மாட்டார்கள். நான் பார்த்து அனுப்பினால் நேராக வண்டியில் ஏறும். அந்த மரியாதை சுற்றுவட்டாரத்தில் வேறு எந்தப் பட்டறைக்கும் அப்போது இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பெயிண்ட் அடித்த டேங்கில் கை படக்கூடாது. இதுதான் என் பட்டறையின் முதல் சட்டம். விரல் பட்டால் கறை, திருப்பினால் கீறல். ஸ்டாண்டில் வைத்தால் வைத்ததுதான். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று கண்ணால் மட்டும் பார்த்து, பேசாமல் எழுத வேண்டும். ஒரு தாளும் அதன் அடியில் கார்பன் வைத்து இன்னொரு தாளும். சுவரில் ஒரு பலகை இருக்கும். அதில் லேசான ஒடுக்கு, நடுத்தர ஒடுக்கு, தள்ள வேண்டிய ஒடுக்கு என்று வெட்டி ஒட்டிய தகரத் துண்டுகள். சந்தேகம் வந்தால் பலகையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பலகையைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் டாக்டரம்மா வந்தார். கலர் செல்போன் வந்த புதுசு அது. கம்பெனியில் தரம் பார்க்கிற மேனேஜரின் மனைவி அவர். வீடு ஓசூர், தோல் டாக்டர் வேலை பெங்களூரில். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார்.

"ஐயா, ஸ்வல்ப டைம் குடுங்க. பொம்பளைங்களுக்குத் தொடையில, பின்பக்கம் தோல் குழிகுழியா ஆகுதில்ல, அதுக்குச் செல்லுலைட்னு பேரு. நோய் இல்ல, ஆனா மனசுக்குக் கஷ்டம். ஒரே ஆளை நாலு டாக்டர் பார்த்தா நாலு விதமா சொல்றோம். ஒருத்தர் லேசுங்கறார், இன்னொருத்தர் ஜாஸ்திங்கறார். மருந்து குடுத்துக் குறைஞ்சுதான்னு அப்புறம் எப்படிச் சொல்றது?"

"லேசு, ஜாஸ்தின்னு வாயால சொன்னா சண்டைதாம்மா வரும். எங்க பலகையில வார்த்தையே கிடையாது. துண்டுதான் ஒட்டியிருக்கு. இதைவிட ஆழமா, கம்மியா, அவ்வளவுதான் கேள்வி."

அவர் சிரித்தார். அவருக்கு வேண்டியதும் அதுதான். நாலு கேள்வி வைத்திருந்தார். பள்ளம் எத்தனை, எவ்வளவு ஆழம், மேடு எவ்வளவு, தோல் எவ்வளவு தொங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மார்க். ஒவ்வொரு மார்க்குக்கும் ஒரு மாதிரிப் படம். யார் பார்த்தாலும் ஒரே மார்க் வர வேண்டும். அதே ஆள் ரெண்டு வாரம் கழித்துப் பார்த்தாலும் அதே மார்க் வர வேண்டும். வைத்தியம் படிக்காதவர்கள் பார்த்தாலும் அப்படி வருகிறதா என்று சோதிக்க, மேடு பள்ளம் பார்த்தே பழகிய இரண்டு பேர் வேண்டும் என்றார்.

நான் ரெண்டு யோசனை சொன்னேன். முதலாவது, போட்டோ எடுக்கிற லைட்டை மேலே இருந்து சாய்த்துப் போடுங்கள், நேராகப் போட்டால் ஒடுக்கு தெரியாது என்றேன். பெங்களூர் டாக்டர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. இரண்டாவது மானம் சம்பந்தப்பட்டது. முகம் இல்லாவிட்டாலும் இடுப்பும் காலுமாகப் படம் வந்தால் நாற்பது பேர் இருக்கிற பட்டறையில் நான் தலை நிமிர முடியாது. "எது இடுப்பு, எது முழங்கால்னே தெரியக்கூடாது. சதுரமா வெட்டி, வெறும் தோலை மட்டும் குடுங்கம்மா" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரி தட்டை நங்கென்று வைத்தாள். பாரூர்க்காரி, வாய்க்குப் பஞ்சமில்லை.

"அறுபதை நெருங்கின மனுசனுக்குத் தொடை பார்க்கற உத்தியோகமா? அதுக்கு டாக்டரே வந்து வெத்தலை பாக்கு வெக்கறாங்களா? ஜாதகத்துல இருந்திருக்குது போ."

"தொடை இல்லடி, தோலு."

"ஆமா, டேங்க்கோட தோலு."

என்னோடு பார்க்க இன்ஸ்பெக்‌ஷனில் இருந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டேன். சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். புருஷன் இல்லை, ஒரு மகள். முதலில் பஃபிங்கில் பாலிஷ் சக்கரத்தில் நின்றவள். தூசி ஒத்துக்கொள்ளாமல் இளைப்பு வந்து ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு நான்தான் இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாற்றினேன். கண் நல்ல கண்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸ் ரூமில் உட்கார்ந்தோம். மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். நாற்பது படம் உள்ள கட்டை டாக்டரம்மா அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நம்பர் பின்பக்கம் இருந்தது. அவள் கையுறை போட்டு ஒவ்வொன்றாக எடுத்து, நம்பரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மேஜை நடுவில் வைப்பாள். வைத்தால் வைத்ததுதான், பட்டறைச் சட்டம். எனக்கும் அதைக் கையால் தொட மனசில்லை.

சதுரமாக வெட்டிய பிறகு அது தொடையும் இல்லை, ஆளும் இல்லை. தோல் மட்டும் கிடந்தது. சிலது வெளுப்பு, சிலது கறுப்பு, மயிர்க்கால் கூடத் தெரிந்தது. நான் பள்ளத்தைத் தேடினேன். ஒன்று கூட இல்லை. எல்லாம் மேடு. உள்ளே இருந்து யாரோ விரல் நுனியால் வெளியே தள்ளுகிற மாதிரி சின்னச் சின்ன மேடு. ஒரு படத்தில் எட்டு விரல், இன்னொன்றில் பன்னிரண்டு. ரொம்ப நேரம் பார்த்தால் இன்னும் கொஞ்சம் தள்ளும் போலிருந்தது. வெளியே கம்ப்ரெஸர் ஓடிக்கொண்டிருந்ததால் தைரியமாக உட்கார்ந்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பதினேழாம் நம்பர் படத்தில் ஓரத்தில் ஒரு மச்சம், அதில் ஒற்றை மயிர். அதை வைத்ததும் அவள் மெல்லச் சொன்னாள். "ஐயா, உள்ள இருந்து யாரோ புடிச்சு இழுக்குற மாதிரி இருக்குல்ல?"

"பேசக் கூடாது" என்றேன். இழுக்கிறதுக்கும் தள்ளுகிறதுக்கும் வித்தியாசம் தெரியவில்லையே இவளுக்கு என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா இரண்டு தாளையும் கொண்டுவந்தார். "ஐயா, ரெண்டும் அப்படியே உல்டாவா இருக்குது. ஒருத்தர் ஆழம் மூணு போட்டா இன்னொருத்தர் பூஜ்யம், மேடு மூணு. நாற்பதும் அப்படித்தான். யாரோ கட்டத்தை மாத்தி எழுதியிருக்கீங்க. எங்க டாக்டருங்க மார்க் இன்னும் வரல. நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க."

எனக்குப் பார்க்க என்ன இருக்கிறது? நாற்பத்தைந்து வருஷம் மேடு பள்ளத்தில் சோறு தின்றவன். வெளியே போய், பட்டறைக்கு நடுவில் வைத்தே அவளைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, பள்ளம்னா என்னா, மேடுன்னா என்னா?"

"பள்ளம்னா பள்ளந்தேன் ஐயா. பாத்தத எழுதினேன்."

"நாற்பதும் தப்பு."

"யாரு தப்புன்னு சொன்னா?"

அந்தக் கேள்விதான் என்னைச் சுட்டது. "நாளையில இருந்து பஃபிங்குக்குப் போயிடு" என்றேன்.

"அங்கிட்டுப் போனா எனக்கு இளைப்பு வரும்னு ஒங்களுக்குத் தெரியும்ல."

"தெரியும். கண்ணு சரியில்லாத ஆளை டேங்க் பக்கத்துல நிறுத்தினா நாற்பது குடும்பம் தெருவுல நிக்கும். அதுவும் தெரியும்."

"கண்ணு சரியில்லாதது எனக்கா?" என்றாள். மறுநாள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு சக்கரத்துக்குப் போய்விட்டாள்.

ரெண்டு வாரம் கழித்து அதே படங்களை வரிசை மாற்றி டாக்டரம்மா கொண்டுவந்து இந்த முறை என் கையில் கொடுத்தார். தனியாக உட்கார்ந்தேன். கையுறை போட்டு ஒவ்வொன்றாக நடுவில் வைத்து மார்க் போட்டேன். ஆழம் ரெண்டு. ஆழம் மூன்று. ஆழம் மூன்று. கை தானாக எழுதிக்கொண்டே போனது. மச்சம் உள்ள படம் வந்தபோதுதான் பேனா நின்றது.

அதே மச்சம், அதே ஒற்றை மயிர். ஆனால் மேடு ஒன்று கூட இல்லை. விரல்கள் எல்லாம் உள்ளே போய்விட்டிருந்தன. போன இடத்தில் குழி. யாரோ உள்ளே இருந்து தோலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிற மாதிரி.

பின்பக்கம் பார்த்தேன். பதினேழு. முதல் தடவை எழுதியதன் கார்பன் தாளை எடுத்தேன். பதினேழு: ஆழம் பூஜ்யம், மேடு மூன்று. என் கையெழுத்துதான்.

டாக்டரம்மா படத்தை மாற்றிவிட்டார் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அந்த வருஷங்களில் மதியம் கரண்ட் போவது சகஜம். கம்ப்ரெஸர் நின்றது, ஃபேன் நின்றது, பட்டறை முழுக்கச் சத்தம் அடங்கியது. வெளிச்சத்துக்காக மேஜைக்கு அந்தப் பக்கம் போய் ஜன்னலைத் திறந்தேன். திரும்பிப் பார்த்தேன்.

படம் எழுந்திருந்தது. பன்னிரண்டு விரலும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தன.

நான் மெதுவாக என் நாற்காலிப் பக்கம் வந்தேன். அமுங்கியது. மறுபடி ஜன்னலுக்குப் போனேன். எழுந்தது. மூன்று தடவை மேஜையைச் சுற்றினேன். நான் போகிறபோது அது எழும்புகிறது, வருகிறபோது அமுங்குகிறது, மூச்சு விடுகிற மாதிரி. யாருடைய உடம்பு என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் எங்கோ பெங்களூரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்கலாம். அவளுடைய தோல் இங்கே என் மேஜையில் நான் நடக்க நடக்கத் திரும்புகிறது. கையை நீட்டித் தொட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. உள்ளங்கையால் பேர் வாங்கியவன் நான், அன்றைக்குக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கரண்ட் வந்ததும் படங்களை வாரிப் பீரோவில் பூட்டினேன்.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் அப்படி ஆனது. போச்சம்பள்ளி ரோட்டில் போகும்போது வேகத்தடை பள்ளமாகத் தெரிந்து பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்த கம்பெனி பஸ் என் மேல் ஏறாதது என் அதிர்ஷ்டம். சாப்பிடும்போது தட்டில் அடித்திருந்த பேர் எழுத்து புடைத்துக்கொண்டு நின்றது. பெயிண்ட் ஆன டேங்க்குகளின் முன்னால் நின்றால் அவற்றில் விழுகிற டியூப்லைட் கோடு நெளிகிறது. அது மேடா பள்ளமா என்று சொல்ல வாய் வரவில்லை. வாய் வராவிட்டாலும் பாஸ் என்று எழுதினேன். எழுதாவிட்டால் நாற்பது பேரும் என் முகத்தைப் பார்ப்பார்களே.

கிருஷ்ணகிரியில் கண் டாக்டரிடம் போனேன். எழுத்தெல்லாம் படிக்கச் சொன்னார். "இந்த வயசுக்கு இது தங்கமான கண்ணுங்க" என்றார். கண் கெட்டிருந்தால் கூட நிம்மதியாக இருந்திருக்கும். கண் நன்றாக இருக்கிறது என்றால் அப்புறம் மாறுவது எது?

பஃபிங் பக்கம் போகிறபோதெல்லாம் அவள் இருமுவது கேட்டது. அவள்தான் சரி என்று எனக்குள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அதை ஒத்துக்கொண்டால் என் கண்ணுக்கு இருக்கிற பேர் அன்றோடு போச்சு. அதனால் ஒரு காரியம் செய்தேன். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். இரண்டாம் முறை எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, முதல் தடவை எழுதிய கார்பனைப் பார்த்து நாற்பது வரியையும் அப்படியே காப்பி அடித்துக் கொடுத்தேன்.

டாக்டரம்மா மறுவாரம் வந்தார். உட்காரவில்லை.

"ஐயா, நூத்தி அறுபது மார்க்குல ஒண்ணுகூட மாறல."

"என் கண்ணு அப்படிம்மா."

"எனக்கே ஏழெட்டு மாறிச்சு. மனுஷங்களுக்கு இப்படி வராதுங்கய்யா." தாளை மடித்துப் பையில் வைத்தார். "டாக்டருங்க மார்க்கும் வந்துடுச்சு. அந்தப் பொண்ணோட மார்க் எங்க எல்லாரோடயும் ஒத்துப் போகுது. நாளைக்கு வர்றேன். அதுக்குள்ள நீங்க ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க."

திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நான் நேராகப் பஃபிங்குக்குப் போனேன்.

சக்கரத்துக்கு முன்னால் தூசி மூடிய ஓர் உருவம். கட்டிய துணிக்கு மேலே ரெண்டு கண் மட்டும் தெரிந்தது. "ஆபீஸுக்கு வா" என்றேன். கண் என்னைப் பார்த்தது. சக்கரம் நிற்கிற வரைக்கும் அவள் நகரவில்லை.

பழையபடி அந்தப் பக்கம் அவளை உட்கார வைத்தேன். கட்டிலிருந்து பதினேழை எடுத்து, முதல் நாள் மாதிரி அவள் கையால் நடுவில் வைக்கச் சொன்னேன். "மூணு எண்ணினதும் ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லணும்."

"பள்ளம்" என்றாள் அவள். "மேடு" என்றேன் நான். ஒரே நேரத்தில்.

இன்னொரு படம். பள்ளம், மேடு. இன்னொன்று. பள்ளம், மேடு. ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரே தோல் கிடந்தது. அவளுக்கு உள்ளே போயிருந்தது, எனக்கு வெளியே வந்திருந்தது. அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள்.

"இங்கிட்டு வாங்கய்யா" என்றாள். "நா அங்கிட்டு வாரேன்."

இடம் மாறினோம். அவள் நாற்காலியில் நான் உட்கார்ந்து பார்த்தபோது அத்தனையும் குழி. எதிரில் அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆத்தீ. வெளிய வருதுய்யா."

அப்புறம் அவள் செய்ததை என் பட்டறையில் யாரும் செய்ததில்லை. கையுறையைக் கழற்றினாள். வெறுங்கையால் படத்தின் ஓரத்தைப் பிடித்து அப்படியே அரை வட்டம் திருப்பினாள். என் கண் முன்னால் குழிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. இன்னும் அரை வட்டம். அமுங்கின.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. லைட்டை மேலே இருந்து போடச் சொன்னது நான். மேல் எது கீழ் எது என்று தெரியாதபடி வெட்டச் சொன்னது நான். தொடாதே, திருப்பாதே என்று சட்டம் போட்டதும் நான். வெளிச்சம் மேலே இருந்துதான் விழும் என்று நம் கண் பிறந்ததிலிருந்து நம்புகிறது. படம் தலைகீழாகக் கிடந்தால் அந்த நம்பிக்கையில் பள்ளத்தை மேடாக்கிவிடும். முதல் நாள் பின்பக்க நம்பரை நேராகப் பிடித்துப் படித்து வைத்தது அவள், அதனால் அவளுக்கு நேர், எனக்குத் தலைகீழ். இரண்டாம் முறை கட்டு என் கையில் இருந்தது, எனக்கு நேர். காரணம் தெரிந்த பிறகும் அந்தப் படம் திரும்புவதை நிறுத்தவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

"அப்ப அன்னைக்கு நா எழுதினது?"

"சரிதாம்மா."

"இந்த ரூமுக்குள்ள சரின்னு சொன்னா எனக்கு என்ன ஆச்சு? கண்ணு சரியில்லைன்னு நீங்க வெளிய வெச்சில்ல சொன்னீக."

மறுநாள் வந்த டாக்டரம்மாவைப் பட்டறைக்கு நடுவிலேயே நிறுத்தினேன். ஷிஃப்டு மாறுகிற நேரம், எல்லோரும் நின்றார்கள். அவள் கண்தான் சரி என்பதை, தாளைக் காப்பி அடித்ததையும் சேர்த்துச் சொன்னேன். டாக்டரம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "இதுக்காய்யா உங்களை நம்பி வந்தேன்?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். என் ரெண்டு தாளையும் தள்ளிவிட்டார். அவளுடையதை வைத்துக்கொண்டார். படங்கள் மறுபடி அச்சாகி வந்தபோது ஒவ்வொன்றின் ஓரத்திலும் மேல் பக்கம் காட்டுகிற ஓர் அம்பு இருந்தது. டாக்டரம்மா செய்த அந்த மார்க் அளவுகோலில் என் மார்க் ஒன்று கூட இல்லை. ஆனால் அந்த அம்பு என் பட்டறை மேஜையில் பிறந்தது. எந்தக் காலேஜிலும் இல்லை.

அவள் இன்ஸ்பெக்‌ஷனுக்குத் திரும்பி வந்தாள். இருமல் அடங்க ஒரு மாதம் ஆனது. வருவதற்கு முன் ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள். யார் எழுதினாலும், முதலாளியே எழுதினாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன் ரெண்டு பேரும் பக்கம் மாறி நின்று பார்க்க வேண்டும்.

முதல் நாள் ஒரு நீல டேங்க். டியூப்லைட் கோடு மூடிக்குப் பக்கத்தில் லேசாக நெளிந்தது. ரெண்டு பேரும் எழுதித் தாளைக் கவிழ்த்து வைத்தோம்.

"மொதல்ல நீங்க காட்டுங்க" என்றாள்.

காட்டினேன். மேடு, ஒன்று. அவளும் காட்டினாள். மேடு, ஒன்று. "மாறி நில்லுங்க" என்றாள், வேலைக்காரனிடம் சொல்கிற மாதிரி. சுற்றிப் போய் அவள் பக்கம் நின்றேன். இங்கிருந்தும் மேடாகவே இருந்தது. அவள் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அடுத்த டேங்குக்குப் போய்விட்டாள். நான் பேனாவைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன், அந்த மேடு எப்போது அமுங்கும் என்று பார்த்துக்கொண்டு.